கிள்ளானின் காய்ச்சலைக் கணக்கெடுத்த மருத்துவர்

இந்தப் பருவத்தில் எங்கள் பொதுச் சுகாதாரப் பாடத்தில் விரிவுரையாளர் ஒரு பயிற்சி கொடுத்தார். கேட்க எளிதாக இருந்தது. உலகம் முழுவதும் அடிப்படைச் சுகாதாரச் சேவையை மேம்படுத்த ஆய்வுகள் தேவைப்படுகின்றன. கேள்விகள் நூற்றுக்கணக்கில் உள்ளன, பணமோ கொஞ்சம்தான். எந்தக் கேள்விக்கு முதலிடம் கொடுப்பீர்கள், ஏன்?

எங்கள் குழுவில் ஐந்து பேர். ஒருவர் மரபணு என்றார், இன்னொருவர் செயற்கை நுண்ணறிவு என்றார், மற்ற இருவர் புற்றுநோய் என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாமே நல்ல தலைப்புகள்தாம். ஆனால் எதை வைத்து ஒன்றை இன்னொன்றுக்கு மேலே வைப்பது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸைத் தாண்டியபோது ஒன்று நினைவுக்கு வந்தது. இதே கேள்வி 120 ஆண்டுகளுக்கு முன்பு என் சொந்த ஊரில் ஒரு மருத்துவரின் முன்னால் வந்து நின்றது. அவர் பெயர் மால்கம் வாட்சன். வெப்பமண்டல மருத்துவத்தின் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. அவரால் கிள்ளானும் உலக மருத்துவ நூல்களில் இடம்பிடித்தது. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்தது.

காய்ச்சல் ஊர்

வாட்சன் 1873-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900-ல் மலாயா மருத்துவச் சேவையில் சேர்ந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27.

அன்றைய கிள்ளான் சுமார் 3,500 பேர் வாழ்ந்த சிறிய ஊர். குன்றுகளின் அடிவாரத்தில் சதுப்பு நிலம், அதைச் சுற்றிக் காடு. ஊருக்கு மேற்கே, சதுப்புநிலக் காட்டை வெட்டி ஒரு புதிய துறைமுகம் எழுந்துகொண்டிருந்தது. அதுதான் போர்ட் சுவெட்டன்ஹம், இன்றைய போர்ட் கிள்ளான். கோலாலம்பூரிலிருந்து வரும் ரயில் பாதை அதுவரை நீட்டிக்கப்பட்டிருந்தது. சிலாங்கூரின் ஈயமும், பின்னால் ரப்பரும் அந்த வழியாகத்தான் கப்பலேற வேண்டும்.

துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே மலேரியா பரவியது. அரசு ஊழியர்கள், ரயில்வே தொழிலாளர்கள், சுமை தூக்குவோர், கப்பல் மாலுமிகள் என்று வேறுபாடு இல்லாமல் எல்லாரும் படுத்துவிட்டார்கள். பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. அந்த ஒரே ஆண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 582 பேர் இறந்தார்கள். இரண்டு ஊர்களின் மொத்த மக்கள்தொகையே சில ஆயிரம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் தெரியும்.

எங்கே தொடங்குவது?

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது அப்போது புத்தம் புதிய செய்தி. ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-ல். மண்ணைத் தோண்டினால் கிளம்பும் நச்சுக் காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பியவர்கள் அப்போதும் ஏராளம். அவர்களைப் பொறுத்தவரை வடிகால் வெட்டுவதே ஆபத்தான வேலை.

வாட்சனிடம் ஆய்வுக்கூடம் இல்லை. உதவிக்கு விஞ்ஞானிகள் குழுவும் இல்லை. அவருக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. எல்லாருக்கும் குவினைன் மருந்து கொடுக்கலாம். வீடுகளுக்குக் கம்பி வலை அடிக்கலாம், கொசுவலை கட்டச் சொல்லலாம். அல்லது கொசு முட்டையிடும் தண்ணீரையே ஒழிக்கலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். ஊருக்குள்ளும் ஊரை ஒட்டியும் இருந்த சதுப்பு நிலத்தை வடிய வைத்து, புதரையும் காட்டையும் வெட்டும்படி பரிந்துரை செய்தார். துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பி, உள்ளே தேங்கும் நீர் வெளியேற வாய்க்கால் வெட்டச் சொன்னார். அரசாங்கம் செலவை ஏற்றுக்கொண்டது.

அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு நான் புரிந்துகொண்ட காரணம் இதுதான். குவினைன் ஒவ்வொருவரும் தினமும் விழுங்க வேண்டிய மருந்து. கொசுவலையை வாங்கப் பணம் வேண்டும், கட்டுவதற்கு ஓர் அறையாவது வேண்டும். வரிசை வீட்டில் ஓர் அறையில் பத்துப் பேர் படுத்திருந்தால் வலையை எங்கே கட்டுவது? வாய்க்கால் அப்படிப்பட்டதல்ல. அதை ஒருமுறை வெட்டிப் பராமரித்தால் பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரேபோலப் பலன் கிடைக்கும்.

ஓர் அட்டவணை, மூன்று வரிகள்

வாட்சன் செய்த இன்னொரு வேலைதான் அவரை மற்ற மருத்துவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. அவர் கணக்கு வைத்தார். கிள்ளான் மருத்துவமனையில் மலேரியாவோடு சேர்க்கப்பட்ட ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார் என்பதைப் பதிவு செய்து, ஆண்டுவாரியாகப் பிரித்தார்.

முதல் வரி, கிள்ளான் பட்டணம். 1901-ல் 334 பேர். அடுத்தடுத்த ஆண்டுகளில் 129, 48, 28. 1905-ல் வெறும் 12 பேர்.

இரண்டாவது வரி, துறைமுகம். 1901-ல் 188 பேர். அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்து 21. 1904-ல் நான்கே பேர்.

இறப்பும் அதேபோல் இறங்கியது. 1901-ல் 582 ஆக இருந்தது 1902-ல் 144 ஆனது. துறைமுகம் பிழைத்தது. ரொனால்ட் ரோஸின் கண்டுபிடிப்பு ஏட்டில் மட்டும் நிற்பதல்ல, ஓர் ஊரையே காப்பாற்றக்கூடியது என்பதற்கு உலகத்தில் முதலில் கிடைத்த தெளிவான சான்றுகளில் ஒன்றாகக் கிள்ளான் ஆனது.

ஆனால் அட்டவணையில் மூன்றாவது வரி ஒன்றும் உண்டு: மாவட்டத்தின் மற்ற பகுதிகள். அங்கே வாய்க்கால் வெட்டப்படவில்லை, காடும் அழிக்கப்படவில்லை. 1901-ல் அங்கிருந்து வந்தவர்கள் 197 பேர். 1905-ல் 353 பேர்.

ஆய்வு முறைகளைப் படித்தவர்களுக்கு இந்த வரியின் மதிப்பு உடனே விளங்கும். மழை குறைந்ததாலோ, நோய் தானாகத் தணிந்ததாலோ கிள்ளானில் காய்ச்சல் குறையவில்லை. அப்படியிருந்தால் பக்கத்துப் பகுதிகளிலும் குறைந்திருக்க வேண்டுமே! ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு தேவை என்று இன்று நாம் படிப்பதை அந்த வரி செய்தது.

நான் அந்த வரியை இரண்டாவது முறை படித்தபோது வேறொன்று உறைத்தது. மற்ற பகுதிகள் என்றால் யார்? அது தோட்டங்களின் காலம். கிள்ளானைச் சுற்றிலும் காடு அழிந்து பால்மரம் ஏறிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வரியின் எண் ஏறியதற்கு, அங்கே மக்கள்தொகை ஏறியதும் ஒரு காரணம். ஆனாலும் காய்ச்சலோடு வந்தவர்களில் பலர் நம்மவர்கள்தாம். அவர்களை யாரும் ஒப்பீட்டுக் குழுவாகத் திட்டமிட்டு வைக்கவில்லை. பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் பணம் ஒதுக்கியபோது அவர்கள் வெளியே விடப்பட்டார்கள், அவ்வளவுதான். அறிவியலுக்குக் கிடைத்த ஒரு நல்ல ஆதாரம், அவர்களைப் பொறுத்தவரை ஒரு பெரிய புறக்கணிப்பு.

மூன்றாவது வரியை நோக்கி

வாட்சனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. கிள்ளான் வெற்றியோடு அவர் நின்றிருக்கலாம். பேரும் கிடைத்துவிட்டது. அவரோ சில ஆண்டுகளில் அரசுப் பணியை விட்டு விலகி, தோட்டங்களுக்கு மருத்துவரானார். அந்த மூன்றாவது வரிக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்.

தோட்டம் தோட்டமாகச் சென்று லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீங்கியிருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு தெரிந்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டாம், செலவும் இல்லை. இன்று அடிப்படைச் சுகாதாரச் சேவைக்கு ஏற்ற கருவி எது என்று பேசும்போது நாம் சொல்கிற எல்லாத் தகுதியும் அந்த இரண்டு கைகளுக்கு இருந்தன.

அங்கேதான் அவருக்கு ஒரு புதிர் காத்திருந்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி வாய்க்கால் போட்டால் காய்ச்சல் இறங்கியது. அதே வேலையை மேட்டுநிலத் தோட்டங்களில் செய்தால் காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் கூடவே செய்தது. ஒரே மாவட்டம், ஒரே நோய், ஒரே சிகிச்சை. ஆனால் முடிவு நேர் எதிர்!

விடை கொசுவில் இருந்தது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஒரே இனமல்ல. சமவெளியில் இருந்தது அம்ப்ரோசஸ் என்ற இனம். அதற்குக் காட்டு நிழலில் தேங்கும் சதுப்பு நீர் வேண்டும். மரத்தை வெட்டி நீரை வடித்தால் அது போய்விடும். மேட்டுநிலத்தில் இருந்தது மேக்குலேட்டஸ். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் பிடிக்கும். மரத்தை வெட்டி, சேறு நீக்கி, நீரை ஓடவிட்டால் அந்த இனத்துக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

ஆகவே மேட்டுநிலத்துக்கு வேறு வழி தேடினார். பள்ளத்தாக்குகளில் ஓடும் நீரை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து ஓடவிட்டார். மேலே நீர் இல்லையென்றால் கொசு எங்கே முட்டையிடும்? இன்றைய சுபாங் ஜெயா பக்கம் இருந்த சீபீல்ட் தோட்டம் இப்படி அவர் பணியாற்றிய மேட்டுநிலத் தோட்டங்களில் ஒன்று. குழாய் பதிக்க முடியாத இடங்களில், பின்னாளில் நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையைப் பரவலாக்கினார்.

தன் அனுபவங்களை 1911-ல் நூலாக வெளியிட்டார். 1913-ல் டச்சு விஞ்ஞானி சுவெலன்கிரேபல் வந்து இவற்றைப் பார்த்துவிட்டுப் போனார். எந்த இனக் கொசு நோயைப் பரப்புகிறதோ அதை மட்டும் குறிவைத்து, அதன் இயல்புக்கு ஏற்ப இடத்தை மாற்றும் இந்த முறைக்கு அவர்தான் இனவாரிச் சுகாதாரம் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அது டச்சு இந்தியா, அதாவது இன்றைய இந்தோனேசியா முழுவதும் பயன்பட்டது.

யாருக்காக இந்த அக்கறை?

வாட்சனைத் தியாகியாகக் காட்ட நான் விரும்பவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தவை தோட்ட நிறுவனங்கள். காய்ச்சலில் கிடப்பவர் பால் வெட்ட முடியாது. இறந்தவருக்குப் பதில் இன்னொருவரைக் கடல் தாண்டிக் கொண்டுவரச் செலவாகும். ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் தொழிலாளியின் உடல்நலம் ஒரு கணக்குப் பிரச்சினையாகவும் இருந்தது. 1911-ல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 60 பேர் ஓராண்டில் இறந்தார்கள். அந்த எண் அரசாங்கத்தை உலுக்கியது. அதே ஆண்டில் மலேரியா ஆலோசனை வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. வாட்சனும் அதில் இருந்தார்.

எங்கள் பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் காலையில் வரிசையில் நிற்க வைத்துக் கொயினாத் தண்ணீரை வாயில் ஊற்றுவார்களாம். அந்தக் கசப்பைச் சொல்லும்போது இன்றும் முகத்தைச் சுளிப்பார். வாட்சனின் நூல்களில் எண்களாக வருகிற பிள்ளைகளுக்குப் பெயர்கள் இல்லை. அவர்களில் என் பாட்டியின் அம்மாவோ, அவருக்கும் முந்தியவரோ இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை.

அதே காலத்தில் கோலாலம்பூரிலும் இதே போன்ற தேர்வு ஒன்று நடந்தது. 1900-ல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஐரோப்பாவில் பேசப்பட்ட நோய்களை அல்ல, இந்த மண்ணில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த மலேரியாவையும் பெரிபெரியையும் முன்னால் வைத்தது. தீட்டிய வெள்ளை அரிசி உண்பவர்களைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. அந்த வேறுபாட்டைப் பின்தொடர்ந்த மருத்துவர்கள் வில்லியம் பிளெட்சர், ஹென்றி பிரேசர், ஆம்புரோஸ் ஸ்டான்டன் ஆகியோர், குற்றம் தவிடு நீக்குவதில் இருக்கிறது என்று நிறுவினார்கள். ஆனால் பிளெட்சர் அதைச் சோதித்தது மனநல மருத்துவமனை நோயாளிகளிடம். இன்று எந்த அறநெறிக் குழுவும் அதை அனுமதிக்காது. நல்ல கேள்வியைத் தவறான வழியிலும் கேட்க முடியும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கிள்ளானிலிருந்து உலகத்துக்கு

1924-ல் வாட்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928-ல் மலாயாவை விட்டு லண்டனுக்குத் திரும்பி, ரோஸ் கழகத்தில் மலேரியாத் தடுப்புப் பணியை ஏற்றார். ரோஸ் 1932-ல் இறந்த பின் அந்தக் கழகத்தை வழிநடத்தினார். கிள்ளானில் கற்றதை அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆப்பிரிக்காவின் செம்புச் சுரங்கங்களுக்கும் கொண்டுசென்றார். எங்கே போனாலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இங்கே நோயைப் பரப்புவது எந்தக் கொசு, அது எங்கே வளர்கிறது? 1955 டிசம்பரில் காலமானார்.

அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து, 1978-ல் அல்மா அட்டா நகரில் 134 நாடுகள் கூடி, அடிப்படைச் சுகாதாரச் சேவை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று அறிவித்தன. 1990-ல் ஓர் அனைத்துலக ஆணையம் சங்கடமான ஒரு கணக்கைக் காட்டியது. தடுக்கக்கூடிய மரணங்களின் சுமையில் 93 விழுக்காடு வளரும் நாடுகளில் இருந்தது. ஆனால் உலகச் சுகாதார ஆய்வுக்குச் செலவான பணத்தில் அந்த நாடுகளுக்கே உரிய பிரச்சினைகளுக்குப் போனது 5 விழுக்காடு மட்டுமே. வாட்சனின் மூன்றாவது வரி உலக அளவில் இன்னும் அப்படியே இருந்தது.

அதனால்தான் ஆய்வு முன்னுரிமைகளை மதிப்பிட இன்று முறைகள் வந்துள்ளன. எங்கள் விரிவுரையாளர் கொடுத்த முறை ஐந்து கேள்விகள் கேட்கிறது. இந்த ஆய்வுக் கேள்விக்கு விடை காண முடியுமா? கிடைக்கும் தீர்வு வேலை செய்யுமா? அதை மக்களிடம் கொண்டுசேர்க்க முடியுமா? நோயின் சுமை எவ்வளவு குறையும்? பின்தங்கியவர்களுக்கும் பலன் போய்ச் சேருமா? 1901-ல் வாட்சன் வெட்டச் சொன்ன வாய்க்கால்களுக்கு முதல் நான்கிலும் நல்ல மதிப்பெண் போடலாம். ஐந்தாவதில் அவர் பின்னால்தான் தேறினார், அதுவும் தோட்டங்களுக்குப் போன பிறகு.

2018 முதல் மலேசியாவில் மனிதர்களிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் தொற்றியதாகப் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை மலேரியா, காட்டோரம் வேலை செய்வோரை இன்னமும் பிடிக்கிறது. நகரங்களில் டிங்கி. இவற்றோடு நீரிழிவும் வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம்.

அடுத்த வாரம் குழுவில் நான் வாட்சனின் அட்டவணையைக் காட்டினேன். மூன்றாவது வரியில் விரலை வைத்து, நம் தலைப்பில் இந்த வரி யார் என்று கேட்டேன். நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சாதாரணமானது: அரசாங்க கிளினிக்கில் மிகக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைத்தும், நீரிழிவு நோயாளிகள் ஏன் சோதனை நாளைத் தவறவிடுகிறார்கள்? மரபணு கேட்ட நண்பருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து கேள்விகளையும் போட்டுப் பார்த்தபோது எங்கள் தலைப்பு இரண்டு மதிப்பெண்தான் முன்னால் நின்றது.

ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களே, எஸ்டிபிஎம் பாடப்பணியோ பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வோ எதுவாக இருந்தாலும், தொடங்குமுன் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். யாருக்குப் பலன் கிடைக்கிறது என்று வரி வரியாக எழுதுங்கள். பிறகு, விட்டுப்போன வரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் உங்கள் தலைப்பு அங்கேதான் இருக்கும்.